பந்து ஓடும்போது ரீப்ளே எதற்கு? கால்பந்து நேரலையைப் படம்பிடிக்கும் விதம் பற்றி

#1 வடசென்னை விங்கர்

இதற்கென்று தனி இழை போட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி ஆட்டம் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை.

கோல்கீப்பர் ஷாட்டைப் பிடித்துவிட்டார். உடனே போட்டியின் சின்னம் திரையைக் குறுக்கே கடக்கிறது, ரீப்ளே ஆரம்பம். முதலில் பக்கவாட்டில், அப்புறம் கோலுக்குப் பின்னாலிருந்து மெதுவாக. அடித்தவர் தலையில் கை வைக்கிறார். அடுத்து பயிற்சியாளர் முகம். மைதானத்துக்குத் திரும்பும்போது பந்து எதிர்ப்பக்கப் பெனால்டி கட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது, நாலு பேர் மூன்று பேரை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கிறார்கள். கீப்பர் பந்தைக் கையால் உருட்டிவிட்டாரா, தூக்கி உதைத்தாரா? நடுக்களத்தில் யார் யாரைத் தாண்டினார்? எதுவும் தெரியாது. கவுன்டர் அட்டாக்கில், அதாவது பந்து கிடைத்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் பாயும் தாக்குதலில், அழகே அந்த முதல் மூன்று பாஸ்தான். அது நமக்குக் கிடைக்கவில்லை.

கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. ரீப்ளே அங்கே தாராளமாக உட்காரும். கால்பந்தில் அந்த இடைவெளி கிடையாது, இருந்த கொஞ்சநஞ்சமும் குறைந்துகொண்டே வருகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 2022-23 சீசனிலிருந்து மைதானத்தைச் சுற்றிப் பல பந்துகளைத் தயாராக வைக்கிறார்கள். வெளியே போன பந்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. 2025 ஜூலை முதல் புது விதி: கீப்பர் 8 நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி விரல்விட்டு எண்ண வேண்டும். அவர் எண்ணுகிற நேரத்தில் திரையில் என்ன ஓடுகிறது என்று கவனித்துப் பாருங்கள். அந்த ஷாட்டின் ரீப்ளே! ஆட்டத்தை வேகப்படுத்த விதியையே மாற்றுகிறார்கள், படம்பிடிப்பவர்கள் பழைய தாளத்திலேயே இருக்கிறார்கள்.

2019 மே 7, ஆன்ஃபீல்டு. லிவர்பூல் பார்சிலோனாவை 4-0 என்று சாய்த்த இரவு. அந்த நாலாவது கோல் எப்படி விழுந்தது? கார்னர் கொடிப் பக்கத்திலிருந்து விலகுவது போல் நகர்ந்த அலெக்சாண்டர்-ஆர்னல்டு சட்டென்று திரும்பி அடித்தார், பார்சிலோனா தடுப்பாட்டக்காரர்கள் சுதாரிக்கும் முன்னே ஒரிகி உள்ளே தள்ளிவிட்டார். பந்து கார்னருக்குப் போன அந்தச் சில நொடியில் ஓர் இயக்குநர் “முந்தைய கிராஸை இன்னொரு தடவை பார்ப்போம்” என்று முடிவெடுத்திருந்தால்? சாம்பியன்ஸ் லீக் வரலாற்றின் மிகச் சமயோசிதமான கார்னரை உலகம் ரீப்ளேயில் மட்டும்தான் பார்த்திருக்கும்.

இன்னொன்று, பந்தில்லாத ஆட்டம். ஜெர்மனியின் தாமஸ் முல்லர் வேகக்காரர் அல்ல, பெரிய டிரிப்ளரும் அல்ல. ஆள் இல்லாத இடம் எங்கே பிறக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே படிப்பவர். அந்தத் திறமையைத் தொலைக்காட்சியில் எப்படிப் பார்ப்பது? பந்து அவரிடம் வந்து சேரும்போதுதான் அவர் திரைக்குள்ளேயே வருகிறார். எங்கிருந்து, எப்போது கிளம்பினார் என்பது சட்டகத்துக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது. ஸ்பெயினின் நடுக்கள வீரர் புஸ்கெட்ஸ் பந்து வருவதற்கு முன் இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்ப்பதை மைதானத்தில் நேரில் பார்த்தவர்கள் சொல்லித்தான் பலருக்குத் தெரியும்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை அகலக் காட்சியை விட்டு நகராதீர்கள். முகம், ரீப்ளே, கேலரி எல்லாம் விசில் ஊதிய பிறகு.

#2 தேம்ஸ்கரை

முழுக்க உடன்படுகிறேன். இங்கே இங்கிலாந்தில் இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. 2009 பிப்ரவரி 4, எஃப்.ஏ. கோப்பை, குடிசன் பார்க்கில் எவர்டன் – லிவர்பூல். கூடுதல் நேரமும் முடியப் போகிறது, 118ஆவது நிமிடம். ஆட்டத்தைக் காட்டிய ஐடிவி சேனலில் திடீரென்று விளம்பரம் வந்தது. திரும்பியபோது எவர்டன் வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். டான் காஸ்லிங் அடித்த அந்த ஒற்றைக் கோல்தான் ஆட்டத்தையே முடித்தது, அதை லட்சக்கணக்கானவர்கள் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே உலகக் கோப்பையில் இங்கிலாந்து – அமெரிக்கா ஆட்டம். நாலாவது நிமிடத்தில் ஜெரார்டு கோல் அடிக்கிறார், அதே நிறுவனத்தின் எச்டி சேனலில் விளம்பரம்.

அவை தவறுதலாக நடந்தவை, மன்னிப்பும் கேட்டார்கள். நீங்கள் சொல்வது தெரிந்தே, ஒவ்வோர் ஆட்டத்திலும் நடப்பது. அதனால்தான் அது எனக்கு இன்னும் பெரிய குறையாகத் தெரிகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கே எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கூடாது. 1960களில் வந்த ஏற்பாடு. டிவியில் ஆட்டம் ஓடினால் சின்ன கிளப்புகளின் மைதானத்துக்குக் கூட்டம் வராது என்ற பயம். அதனால் 3 மணி ஆட்டத்தை மைதானத்திலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் நான் டிவியில் பார்க்க முடியாது, சென்னையில் உட்கார்ந்து நீங்கள் பார்க்கலாம்.

#3 நள்ளிரவு ரசிகை

விங்கர், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் ‘முகமே வேண்டாம்’ என்பதை என்னால் ஏற்க முடியாது. எனக்குக் கால்பந்து பிடித்ததே முகங்களால்தான். பெனால்டி அடிக்கப் போகிறவரின் கண், மாற்று வீரராக இறங்கக் காத்திருக்கும் பையன் ஜெர்சி நுனியைக் கடித்துக்கொண்டிருப்பது. இதெல்லாம் இல்லாமல் மேலேயிருந்து இருபத்திரண்டு புள்ளிகளை மட்டும் காட்டினால் புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் ஒட்டவே மாட்டார்கள்.

எனக்கு வேறு கோபம் இருக்கிறது. யார் முகத்தை, எந்த நேரத்தில் காட்டுகிறார்கள் என்பது.

2018 உலகக் கோப்பையின்போது, கேலரியில் இளம்பெண்களைத் தேடித்தேடிக் காட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒளிபரப்பாளர்களிடம் ஃபிஃபாவே சொல்ல வேண்டி வந்தது. தொண்ணூறு நிமிடமும் தொண்டை கிழியக் கத்துகிற பெண்கள் கேலரியில் இருக்கிறார்கள். கேமரா அவர்களிடம் போகாது. கன்னத்தில் கொடி வரைந்து சிரிக்கிற முகத்திடம் மட்டும் போகும். ஆட்டம் பார்க்க வந்தவளை ஆட்டத்துக்கு நடுவே அலங்காரப் பொருளாகக் காட்டுகிறார்கள். கேட்டால் அதற்கும் ‘சூழலைக் காட்டுகிறோம்’ என்று பதில்.

அதைவிட மனதை அறுத்தது 2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் டென்மார்க் – பின்லாந்து. டென்மார்க் வீரர் எரிக்சன் தானாகவே தரையில் சரிந்தார், மருத்துவர்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். டென்மார்க் வீரர்கள் அவரைச் சுற்றி வட்டமாக, முதுகை உள்பக்கம் காட்டி நின்றார்கள். கேமராவுக்கு எதிராக மனிதச் சுவர் கட்டினார்கள். அப்போதும் கேமரா இடுக்கு தேடியது. அழுதுகொண்டிருந்த அவருடைய துணைவியின் முகத்தை அருகில் காட்டியது. பிபிசி பிறகு வருத்தம் தெரிவித்தது, ஆனால் அந்தக் காட்சிகள் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. அன்று இயக்குநர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மிக உயரத்திலிருக்கும் கேமராவுக்குப் போய் அங்கேயே நிற்பது. விங்கர் சொல்கிற அதே அகலக் காட்சி.

#4 வடசென்னை விங்கர்

ரசிகை, எரிக்சன் விஷயத்தில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. முகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெனால்டி அடிப்பவரின் கண்ணைக் காட்டட்டும், அப்போது பந்து அசையாமல் இருக்கிறது. பந்து ஓடும்போது வேண்டாம் என்பதுதான் என் வழக்கு.

#5 ஓபி வேன் ஓரம்

இந்த இழைக்குப் பதில் எழுத எனக்குக் கடமை இருக்கிறது. நான் ஓபி வேனில், அதாவது மைதானத்துக்கு வெளியே நிற்கும் நேரலை ஒளிபரப்பு வண்டியில், ரீப்ளே மெஷினில் வேலை பார்த்தவன். கிரிக்கெட், கபடி, கால்பந்து எல்லாம் செய்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், திட்டுவதானாலும் தெரிந்து திட்டுங்கள்.

நடுக்கோட்டுக்கு நேராக, கேலரி உயரத்தில் இருப்பது ஒன்றாம் கேமரா. ஆட்டத்தின் பெரும்பகுதி அதில்தான் ஓடும். பக்கத்திலேயே இரண்டாம் கேமரா, அது நெருக்கக் காட்சிக்கு. இரண்டு பக்கமும் பெனால்டி கட்டக் கோட்டுக்கு நேராக ஒவ்வொன்று, ஆஃப்சைடுக்காக (பாஸ் கிளம்பும்போது தாக்குபவர் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கிறாரா என்று பார்க்க). பிறகு கோலுக்குப் பின்னால் மேலேயும் கீழேயும், கோட்டோரம் தோளில் சுமந்து ஓடுபவர்கள், பெரிய ஆட்டமானால் கம்பியில் தொங்கும் ஸ்பைடர் கேம். உலகக் கோப்பை என்றால் எண்ணிக்கை நாற்பதைத் தொடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேனுக்குள் டைரக்டருக்கு எதிரே சுவர் முழுக்க மானிட்டர். எந்தக் கேமரா வெளியே போனாலும் ஒன்றாம் கேமராவின் படம் அவர் கண் முன்னே எப்போதும் இருக்கும். ரீப்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். அவருக்கு எதுவும் தப்பவில்லை! ஒரே ஒரு திரை வைத்திருப்பது வீட்டில் இருக்கிற நீங்கள்தான். உங்களுக்குத் தப்பியது அவருக்கு உறைப்பதே இல்லை. என் அனுபவத்தில் இந்தக் கோளாறுக்கு வேர் இதுதான். நல்ல டைரக்டர்கள் வெளியே போகிற படத்தை மட்டும் காட்டுகிற மானிட்டரில் அடிக்கடி கண் வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

அடுத்தது, உள்ளேயிருந்து வரும் அழுத்தம். ஒவ்வொரு ரீப்ளே ஆபரேட்டரிடமும் சில கேமராக்கள் இருக்கும். ஏதாவது நடந்தால் காதில் மாட்டிய டாக்பேக்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் “என்கிட்ட சூப்பரா இருக்கு, என்கிட்ட இருக்கு” என்று கூப்பிடுவோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன், அதுதான் எங்கள் வேலை. அதிலும் விலை கூடின கேமரா வாடகைக்கு வந்திருக்கிறதென்றால் அதன் படம் வெளியே வர வேண்டும் என்று மேலேயிருந்து எதிர்பார்ப்பார்கள். இப்போது பின்னணியைக் கலங்கடித்து ஆளை மட்டும் துல்லியமாகக் காட்டுகிற, சினிமாத் தோற்றம் தரும் கேமராக்கள் வந்துவிட்டன. பார்க்க அற்புதமாக இருக்கும். பந்து ஓடும்போது அதற்குப் போனால் மைதானமே மங்கலாகிவிடும்.

லோகோ பறந்து ரீப்ளேக்குள் போய், திரும்ப லோகோ பறந்து வெளியே வருவதற்கே கொஞ்ச நேரம் போகிறது. த்ரோ-இன் நேரத்துக்குள் அது அடங்காது. “டெட் பாலா?” (ஆட்டம் நின்றிருக்கிறதா) என்று கேட்டு, நடுவர் ஸ்பிரே எடுத்துக் கோடு போடுவதையோ வீரர் காயத்தில் கிடப்பதையோ உறுதிசெய்த பிறகுதான் ரீப்ளே கேட்கிற டைரக்டர்களிடம் வேலை செய்திருக்கிறேன். அவர்கள் ஆட்டங்களில் உங்களுக்கு இந்தக் குறை வராது. அதாவது இது செய்ய முடியாத காரியம் அல்ல.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர் சேனல் வெளிநாட்டு ஆட்டத்தின் படத்தை எடுப்பதில்லை. உலகக் கோப்பையில் எச்பிஎஸ் என்ற நிறுவனம் ஒரே மூலப்படத்தைத் தயாரித்து உலகம் முழுக்க அனுப்பும். லீகுகளிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். உள்ளூர் சேனல் அதன்மேல் வர்ணனையையும் விளம்பரத்தையும் ஏற்றுகிறது. ரீப்ளே பற்றி உள்ளூர் சேனலுக்குக் கடிதம் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. விளம்பரம் பற்றி எழுதினால் முடியும்.

மைதானமும் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் விட்டால் கேமராமேனுக்கு அநியாயம். ஒன்றாம் கேமரா நிற்கும் மேடை தாழ்வாக இருந்தால் தூரத்து வரிசையும் பக்கத்து வரிசையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், நடுவே இருக்கும் இடைவெளி தெரியாது. செங்குத்தான பெரிய கேலரியின் மேலடுக்கிலிருந்து எடுத்தால் நாலு தடுப்பாட்டக்காரர்களின் கோடு பளிச்சென்று தெரியும். சென்னை நேரு ஸ்டேடியம் மாதிரி ஓட்டப்பாதை சுற்றியிருக்கும் இடங்களில் கேமரா தூரமாகிவிடுவதால் ஜூம் போட்டே ஆக வேண்டும். மாலை வெயிலில் பாதி மைதானம் நிழலானால் இன்னொரு தலைவலி: பந்து வெளிச்சத்துக்குள் போகும்போது படம் வெளிறும், நிழலுக்குள் வந்தால் கருக்கும். அதைச் சரிசெய்ய வேனுக்குள் ஒருவர் கை எடுக்காமல் திருகிக்கொண்டே இருப்பார்.

#6 பாசையூர்ப் பந்து

ஓபி வேன் அண்ணை, நல்லாய் விளங்கப்படுத்தினீங்கள், நன்றி.

எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில கழக ஆட்டங்களைப் பெடியள் பேஸ்புக்கில நேரலையாப் போடுறவங்கள். மைதானத்துக்குப் பக்கத்தில சாரக்கட்டு அடிச்சு, அதுக்கு மேல ஒரே ஒரு கமரா. ரீப்ளே கிடையாது, நெருக்கக் காட்சி கிடையாது. காத்து அடிச்சால் படம் ஆடும், சில நேரம் முன்னுக்கு நிக்கிற ஆக்களின்ர குடை மறைக்கும். ஆனா உதைபந்தாட்டம் எண்டால் என்னெண்டு அதில விளங்கும். பின்வரிசை எப்ப மேல ஏறுது, இடப்பக்க விங்கர் எப்ப உள்ளுக்கு வாறான், நடுக்களத்தில ஆர் களைச்சுப்போனான் எல்லாம் தெரியும். கனடாவில இருக்கிற என்ர மச்சான் அதைப் பாத்திட்டு “உங்கட ரைட் பேக் கடைசி இருபது நிமிஷமாத் திரும்பி வரவே இல்லையே” எண்டு கேட்டான். அவன் சொன்னது சரி. இவ்வளவு கமரா வைச்சு எடுக்கிற சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தைப் பாத்து அப்பிடி ஒரு கேள்வி கேக்கிறது கஷ்டம்.

காசில்லாததால அவங்கள் அப்பிடி எடுக்கிறாங்கள் எண்டு சிலர் சொல்லுவினம். நான் அதை ஒரு குறையாப் பாக்கேல்ல. முழு மைதானத்தையும் காட்டுற அந்தப் படத்தைப் பெரிய நிறுவனங்களும் தனியா ஒரு தெரிவாக் குடுக்கலாம்தானே?

#7 தேம்ஸ்கரை

ஒற்றைக் கேமரா என்றதும் ஸ்காட்லாந்தில் 2020 அக்டோபரில் நடந்தது நினைவுக்கு வருகிறது. இன்வர்னெஸ் – எயர் யுனைடெட் ஆட்டம். கொரோனா காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை, வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காகப் பந்தைத் தானாகப் பின்தொடரும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா வைத்தார்கள். அது கோட்டு நடுவரின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எடுத்துக்கொண்டது. ஆட்டம் ஒரு பக்கம், கேமரா அவர் தலையின் பின்னால் இன்னொரு பக்கம். வர்ணனையாளர் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது.

இயந்திரம் பந்தைத் தேடுகிறது, மனிதக் கேமராமேன் ஆட்டத்தைத் தேடுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். சின்ன லீகுகளில் ஆள் செலவைக் குறைக்க இந்த இயந்திரங்கள் பரவிவருகின்றன. பாசையூர் நண்பர் சொல்கிற சாரக்கட்டின் மேல் நிற்கும் பையனுக்கு ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்வதே மேல்.

#8 கோவை கார்னர்

யாரும் விஏஆரை, அதாவது வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறையை, தொடவில்லையே. கேமராவை வைத்துத் தீர்ப்பே சொல்கிறார்கள், அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது என்பதைப் பார்ப்பவர்களுக்கு ஒழுங்காகக் காட்டுவதில்லை.

பிரீமியர் லீகில் 2019-20இல் விஏஆர் வந்தபோது படத்தை நிறுத்திக் கோடு போட்டு ஆஃப்சைடு பார்த்தார்கள். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 0.02 நொடி. நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் அந்த நேரத்துக்குள் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுப் பிரிந்த கணம் இந்தப் படமா அடுத்த படமா என்பதை மனிதர் கண்ணால் தேர்ந்தெடுத்தார். அப்படியிருக்க, கட்டைவிரல் அளவு ஆஃப்சைடு என்று கோலை ரத்து செய்வதை அறிவியல் மாதிரி திரையில் காட்டினார்கள். எத்தனை நல்ல கோல்கள் போயின!

2022 உலகக் கோப்பையில் அதற்கென்றே கூரையடியில் 12 கேமரா வைத்து, ஒவ்வொரு வீரர் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிந்தார்கள். பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. அது உண்மையான முன்னேற்றம், வரவேற்கிறேன். பிரீமியர் லீகுக்கு இந்த வகைத் தொழில்நுட்பம் 2025 ஏப்ரலில்தான் வந்தது.

ஆனால் சத்தம்? கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் “அல்ட்ராஎட்ஜ் காட்டுங்கள், இப்போது பால் டிராக்கிங்” என்று பேசுவது முழுக்கக் கேட்கிறது. தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் எப்படி வந்தார் என்று தெரிகிறது. கால்பந்தில் நடுவர் காதில் விரல் வைத்து நிற்கிறார், நாமும் நிற்கிறோம். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் முடிவை நடுவர் மைக்கில் அறிவித்தது ஒரு படி. அறைக்குள் நடக்கும் உரையாடல் இன்னும் நேரலையில் வருவதில்லை. அதைத் திறந்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கும்.

நம்ம ஊர் பற்றி ஒரு வார்த்தை. 2018-19 ஐ-லீக்கை, அதாவது இந்தியாவின் தேசிய கால்பந்து லீகை, சென்னை சிட்டி எஃப்சி வென்றது. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம், மினர்வா பஞ்சாபை 3-1. அந்த சீசனில் லீகின் எல்லா ஆட்டங்களும் டிவிக்கு வரவில்லை. தமிழ்நாட்டு அணி இந்தியாவின் லீக் பட்டத்தை எடுத்த ஆண்டை முழுசாக டிவியில் பார்க்க முடியவில்லை. படம்பிடித்தது சரியில்லை என்று குறை சொல்லவும் படம்பிடித்திருக்க வேண்டுமே.

#9 சிங்கை ஸ்வீப்பர்

என் மனக்குறை சிறியது, ஆனால் வாராவாரம். இணையவழியில் பார்க்கும்போது காற்பந்து தாமதமாக வருகிறது. கேபிளில் பார்க்கும் எதிர்வீட்டுக்காரர்கள் கத்தி முடித்த பிறகுதான் என் திரையில் கிராஸ் போடுகிறார்கள். மூலப்படம் நொடிக்கு 50 சட்டகம் என்றால் சில செயலிகள் அதை 25 ஆக்கிவிடுகின்றன. நீளமான பாஸில் பந்து வழுக்கிப் போகாமல் விட்டுவிட்டுத் தாவும். கண் வலிக்கிறது.

விளம்பரமும் சேர்ந்துகொண்டது. ஆட்டப் படத்தைச் சுருக்கி ஒரு மூலைக்குத் தள்ளி, மீதி இடத்தில் பொருள் விற்கிறார்கள். கார்னர் எடுக்கும்போதுகூட! 2026 உலகக் கோப்பையில் எந்தத் தட்பவெப்பமானாலும் இரண்டு பாதியிலும் மும்மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை என்று ஃபிஃபா அறிவித்ததைப் படித்தபோது, வீரர்களின் தாகத்தை விட விளம்பர நேரம்தான் எனக்கு முதலில் தோன்றியது. 45 நிமிடம் தொடர்ந்து ஓடுவதுதான் இந்த விளையாட்டின் உயிர். அதில் கை வைக்கக் கூடாது.

#10 பழைய பத்தாம் நம்பர்

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், நான் மறுபக்கம் பேசுகிறேன். 2006 ஜூலை 9, பெர்லின், பிரான்ஸ் – இத்தாலி உலகக் கோப்பை இறுதி. ஜிதேன் மாட்டராசியின் நெஞ்சில் முட்டியபோது பந்து வேறிடத்தில் இருந்தது. ஒன்றாம் கேமரா பந்தின் பின்னால் போயிருந்தது. வேறொரு கேமராவில் பதிவானதால்தான் உலகம் அதைப் பார்த்தது. 2014 உலகக் கோப்பையில் உருகுவேயின் சுவாரஸ் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்ததும் அப்படித்தான். நடுவர் பார்க்கவில்லை, கேமராக்கள் பார்த்தன, 9 சர்வதேச ஆட்டத் தடை விழுந்தது. அகலக் காட்சியிலேயே நின்றால் மைதானத்தில் நடக்கும் அயோக்கியத்தனம் எல்லாம் மறைந்துபோகும். இத்தனை கேமரா வந்த பிறகுதான் தடுப்பாட்டக்காரர்கள் முழங்கையை அடக்கியிருக்கிறார்கள். நான் ஆடிய காலத்தில் கேமரா கிடையாது, என் மூக்கு எலும்பு சாட்சி.

#11 வடசென்னை விங்கர்

ஐயா, மதிப்போடு மறுக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டும் என் பக்கம்தான் பேசுகின்றன. இரண்டு இடத்திலும் வீரர்கள் தரையில் விழுந்தார்கள், ஆட்டம் நின்றது, அப்புறம்தான் உலகம் ரீப்ளேயைப் பார்த்தது. பதிவு செய்வதற்கு நூறு கேமரா வையுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நூறும் பதியட்டும். வெளியே போகும் ஒரே ஒரு படத்தில் எது, எப்போது என்பதில்தான் தகராறு.

#12 நள்ளிரவு ரசிகை

வர்ணனையை விட்டுவிட்டோம். 2022 உலகக் கோப்பைக்குத் தமிழில் வர்ணனை வந்தது. அம்மாவும் உட்கார்ந்து பார்த்தார், எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் ஸ்டூடியோவிலிருந்து பேசுபவர்கள் நமக்கு வருகிற அதே படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். சட்டகத்துக்கு வெளியே இருப்பது அவர்களுக்கும் தெரியாது. அதனால் நாம் கண்ணால் பார்ப்பதையே திரும்பச் சொல்கிறார்கள், அல்லது பழைய கதை பேசி இடத்தை நிரப்புகிறார்கள்.

அப்பா அப்துல் ஜப்பாரின் வானொலிக் கிரிக்கெட் வர்ணனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். படமே இல்லாத ஊடகம். அதில் யார் எங்கே நிற்கிறார் என்று சொல்லாவிட்டால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. அந்த ஒழுக்கம் இன்று கால்பந்து வர்ணனைக்கு வேண்டும். “வலப்பக்கம் ஆளே இல்லை, பேக் இன்னும் திரும்பி வரவில்லை” என்று ஒருவர் சொன்னால் படம் காட்டாததைக் காது காட்டிவிடும். அதற்கு வர்ணனையாளர்களுக்கு முன்னால் ஒன்றாம் கேமராவின் தனிப் படம் ஒன்று வேண்டும். ஓபி வேன் நண்பரே, அது முடியுமா?

#13 ஓபி வேன் ஓரம்

முடியும். பெரிய போட்டிகளில் கோலுக்குப் பின்னாலோ நடுக்கோட்டு உயரத்திலோ முழு மைதானமும் தெரியும்படி தனி டாக்டிகல் கேமரா ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சியாளர்களின் ஆய்வுக்குப் பயன்படுவது அதுதான். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், உரிமத்தில் கேட்டு வாங்கினால் போதும். அதையே செயலியில் இரண்டாவது தெரிவாகப் பார்ப்பவர்களுக்கும் கொடுக்கலாம். சில நாடுகளில் சில ஆட்டங்களுக்குக் கொடுத்தும் இருக்கிறார்கள்.

கேட்பதானால் பொதுவாக ‘ஒளிபரப்பு சரியில்லை’ என்று எழுதாதீர்கள், அது குப்பைத் தொட்டிக்குப் போகும். எந்த ஆட்டம், எத்தனையாவது நிமிடம், அப்போது திரையில் என்ன ஓடியது, மைதானத்தில் என்ன தப்பியது என்று எழுதுங்கள். விளம்பரச் சுருக்கமும் டாக்டிகல் கேமராவும் உள்ளூர் சேனலுக்கு. ரீப்ளே விஷயம் லீகுக்கு, அவர்களுக்குத்தான் படத்தயாரிப்பாளரைக் கேள்வி கேட்கும் அதிகாரம்.

#14 வடசென்னை விங்கர்

அப்படியே செய்வோம். இந்த வார இறுதி ஆட்டங்களில் தப்பிப்போகும் தருணங்களை நிமிடத்தோடு இங்கேயே பதியுங்கள். ஞாயிறு இரவு நான் தொகுத்து வரைவு போடுகிறேன், லீகுக்குப் போவதை தேம்ஸ்கரை ஆங்கிலத்தில் சரிபார்க்கட்டும். ரசிகை, கேலரி பற்றிய பத்தியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

#15 பாசையூர்ப் பந்து

நானும் சேர்றன். சனிக்கிழமை இரவு ஆட்டத்தை நானும் மச்சானும் ஒரே நேரம் பாத்து நிமிஷம் குறிக்கிறம். இலங்கைச் சேனலுக்கான கடிதத்தை நான் எழுதுறன்.

#16 சிங்கை ஸ்வீப்பர்

சிங்கப்பூருக்கு நான். படம் சுருங்கும் நேரங்களைத் திரைப்பதிவாகவே எடுத்து வைக்கிறேன்.